தொண்டை மாத்திரைக்கான விடைக்குறிப்பு

நலப்பெட்டி கேட்ட கேள்விகளுக்கு அந்த ஆசிரியர் குடியிருப்பில் ஒருவரும் உண்மையான பதிலைச் சொன்னதில்லை. சரியான பதிலைச் சொன்னார்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பது அங்கிருந்த நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அங்கே வந்து பெட்டியைப் பராமரிக்கும் செண்பகவல்லிக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆறு மாதத்தில் அது எரிச்சலாயிற்று. ஒரு வருடத்தில் அந்தக் குடியிருப்பின் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே முகம் கோணிக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது.

குடியிருப்பு நாமக்கல்லுக்கு வெளியே மோகனூர் சாலையில் இருந்தது. பக்கத்து உறைவிடப் பள்ளியின் ஆசிரியர்கள் மட்டும் வசிக்கும் மூன்று கட்டடங்கள். நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளை வருடத்துக்கு இரண்டாயிரம் பேராகத் தயார் செய்து அனுப்புகிறவர்கள். ஒரு கேள்வியைப் பார்த்தால் அதற்கு விடை என்ன என்று யோசிக்க மாட்டார்கள். கேட்டவன் எந்த விடையை எதிர்பார்க்கிறான் என்று யோசிப்பார்கள். இருபது வருடமாக அதைத்தான் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறார்கள். "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால்கூட அது எத்தனை மதிப்பெண் கேள்வி என்றுதான் அவர்களுக்குத் தோன்றும்.

அப்படிப்பட்டவர்கள் நடுவில் கொண்டுபோய் நலப்பெட்டியை வைத்தார்கள்.

இரண்டு கதவுள்ள பீரோ அளவில் இருக்கும் அந்தப் பெட்டி. பி பிளாக்கின் தரைத்தளத்தில், மின்சார மீட்டர் அறைக்குப் பக்கத்தில் நின்றது. முன்னால் ஒரு ஸ்டூல். உட்கார்ந்து பெயரைச் சொன்னால் திரை கேள்வி கேட்கும். ஒரு குச்சியை நீட்டி நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி சூடு பார்க்கும். பதினெட்டுக் கேள்வி முடிந்ததும் உள்ளே இருக்கும் குப்பிகளிலிருந்து மருந்துப் பொடியை எடுத்து, அங்கேயே மாத்திரையாக அடித்து, பத்து நாளைக்கு எண்ணிக் கொடுத்துவிடும். தனக்கு மேலான விஷயம் என்று பட்டால் அரசு மருத்துவமனைக்குச் சீட்டு போடும். மோசமாகப் பட்டால் தானே ஆம்புலன்ஸைக் கூப்பிடும். மூன்றாம் நாள் கைப்பேசியில் ஒரு கேள்வி வரும்: "சரியாகிவிட்டதா? ஆம் / இல்லை." 'ஆம்' என்றால் அதோடு முடிந்தது. 'இல்லை' என்றால் அடுத்து டாக்டரிடம் அனுப்பும் என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னார்களே தவிர, யாரும் அழுத்திப் பார்த்ததில்லை. பெட்டி வந்து இரண்டு வருடத்தில் அந்தக் குடியிருப்பில் ஒரு 'இல்லை'கூடப் பதிவாகவில்லை.

மனிதர்கள் 'இல்லை' என்று சொல்லாத இடத்தில் இயந்திரம் என்ன கற்றுக்கொள்ளும்? இங்கே இருப்பவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் குணமாகிறது என்று கற்றுக்கொண்டது. மாதத்துக்கு மாதம் தாராளமாகிக்கொண்டே போனது.

செண்பகவல்லிக்கு வயது இருபத்தேழு. நுண்ணுயிரியல் பட்டதாரி. ஆறு குடியிருப்புகளின் பெட்டிகளுக்குப் பராமரிப்பாளர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து குப்பிகளை நிரப்ப வேண்டும், பதிவுகளைப் படித்துக் கம்பெனிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். கேட்டதற்குத் தலையாட்டுவாள், தரையைப் பார்த்துச் சிரிப்பாள். மனசுக்குள் பேசுவதை வெளியே பேசியிருந்தால் ஆறு இடத்திலும் அவளை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

அன்றைக்கு அவள் படித்த பதிவுகளில் தொண்டைவலிக்காரர்கள் நாற்பத்து மூன்று பேர். நாற்பத்து மூன்று பேருக்கும் இரண்டு நாளாக வலி. நாற்பத்து மூன்று பேருக்கும் மாலையில் அதிகம். வலி எவ்வளவு என்ற கேள்விக்கு அத்தனை பேரும் பத்துக்கு எட்டு. காய்ச்சல்கூட அரைப் புள்ளி ஏறி இறங்காமல் ஒரே அளவு. "பேச முடிகிறதா?" என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரே வாக்கியம்: "வகுப்பு எடுக்கக் குரல் வரவில்லை." அந்த வரிசையில் பொன்னாத்தா என்ற பெயருக்கு நேராக எழுபத்தெட்டு என்று வயது போட்டிருந்தது. எழுபத்தெட்டு வயதுப் பொன்னாத்தாவுக்கும் வகுப்பு எடுக்கக் குரல் வரவில்லையாம்.

செண்பகவல்லி சிரித்துவிட்டாள்.

"என்னங்க அம்மிணி, பெட்டி ஜோக்கு எதாச்சும் சொல்லுதுங்களா?"

பின்னால் தியாகேசன் நின்றார். வேதியியல் ஆசிரியர். தேர்வில் எந்தக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே சொல்வதில் மூன்று மாவட்டத்தில் பெயர் வாங்கியவர். சட்டைப் பையில் நான்கு நிறத்தில் பேனா.

"எல்லாரும் ஒரே மாதிரி பதில் சொல்லியிருக்காங்க சார்" என்றாள்.

அவர் வெட்கப்படவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப வேலை செய்யுதுன்னு சொல்லுங்க." கையிலிருந்த பையைத் திறந்து, சுருள்கம்பி கோத்த பதினான்கு பக்க நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "நம்ம தயாரிப்புங்க. ஒரு காப்பி வச்சுக்கங்க. மத்த எடத்துலயும் ஆளுகளுக்கு உதவும்."

அட்டையில் 'நலப்பெட்டி: மாதிரி வினா விடை, திருத்திய மூன்றாம் பதிப்பு' என்று அச்சடித்திருந்தது. நான்காம் பக்கத்தில் 'தொண்டை மாத்திரை' என்று தலைப்பு. அவள் நின்றபடியே படித்தாள்.

'உட்காருவதற்கு இரண்டு நிமிடம் முன்பு ஒரு டம்ளர் காபி. கொதிக்கக் கூடாது, வெதுவெதுப்பும் கூடாது.

வினா 7. வலியின் அளவு? விடை: 8. (ஒன்பது போட்டால் டாக்டரிடம் அனுப்பும். ஏழு போட்டால் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லும்.)

வினா 11. மூச்சு விடச் சிரமம் உண்டா? விடை: "சிறிது". ("அதிகம்" என்பதைத் தொட வேண்டாம். ஆம்புலன்ஸ் வந்துவிடும். சி பிளாக்கில் ஒருவர் தெரியாமல் தொட்டு, வந்தவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று.)

ஒரு பெயருக்கு மாதம் ஒருமுறைதான் தரும். குடும்பத்தில் உள்ள மற்றவர் பெயர்களைப் பயன்படுத்தவும்.'

"சார், இது ஸ்டீராய்டு" என்றாள் செண்பகவல்லி. அவளுடைய குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தெரியுமுங்க. கெமிஸ்ட்ரி வாத்தியாருகிட்ட போயி சொல்றீங்க பாருங்க" என்று சிரித்தார். "நாங்க ஒரு நாளைக்கு ஒம்பது பீரியடு கத்தறோம். தொண்டை கட்டிப்போச்சுன்னா பாடம் நின்னுபோகும். டாக்டருகிட்ட போனா என்ன சொல்லுவாரு? அஞ்சு நாளைக்குப் பேசாதீங்கம்பாரு. வாத்தியாரப் பாத்துப் பேசாதேங்கறதுக்கு அவரு எதுக்குங்க? இதுன்னா ராத்திரி ஒண்ணு போட்டா காலைல மணி அடிச்சாப்புல குரல் வந்துருது."

"எத்தனை நாளா போடறீங்க?"

"தேவைப்படறப்பங்க." தன் கன்னத்தைத் தட்டிக் காட்டினார். உருண்டையாக, பளபளவென்று இருந்தது. "ஒடம்பு கெட்டவன் மொகமாட்டவா இருக்குது? ஊருக்குப் போனா எல்லாரும் நெம்பச் செழிப்பா இருக்கறேங்கறாங்க."

செண்பகவல்லி தலையாட்டினாள். முட்டாள், என்று நினைத்துக்கொண்டாள். வீக்கத்தைச் செழிப்பு என்கிறான், படித்த முட்டாள். நாளைக்குச் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், அப்போது அதற்கும் ஒரு பதிப்பு போடுவான். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நன்றி சார் என்றாள்.

அந்தக் குடியிருப்பில் அவள் வெறுக்காத ஆள் ஒருத்தி உண்டு. ஏ பிளாக் முதல் மாடியில் இருந்த நவமணி டீச்சர். தாவரவியல். நாற்பத்தொரு வயது, தனியாக இருந்தாள். செண்பகவல்லி வரும் நாளில் கூப்பிட்டு உட்கார வைத்து டீ போட்டுக் கொடுப்பாள். மற்றவர்கள் "பெட்டிக்காரப் புள்ள" என்பார்கள். நவமணி மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

அன்றைக்கும் கூப்பிட்டாள். குரல் கொஞ்சம் கரகரத்தது.

"செண்பகம், இஞ்சி தட்டிப் போட்டிருக்கறேன், குடிச்சுப்போட்டுப் போ."

"நோட்டைப் பாத்தீங்களா டீச்சர்?"

"எதை, தியாகேசன் காவியத்தையா?" நவமணி சிரித்தாள். "மூணாவது பதிப்புல எழுத்துப் பிழை அஞ்சு. நாந்தான் திருத்திக் குடுத்தேன்."

"நீங்களுமா டீச்சர்?"

"பிழை திருத்தத்தான் கூப்பிட்டாங்க கண்ணு." டம்ளரை நீட்டிவிட்டுப் பேச்சை மாற்றினாள். "என்னைப் பாரு, ஒரு சுத்து பெருத்துட்டனில்ல? ரவிக்கை எல்லாம் பிரிச்சுத் தைக்கோணும். மொகம் இட்லியாட்ட ஆயிருச்சு."

"நல்லாத்தான் இருக்குது டீச்சர்" என்றாள் செண்பகவல்லி. டீ நன்றாக இருந்தது. கண்ணெதிரே இருந்த முகத்தை அவள் பார்க்கவில்லை. தியாகேசன் முகத்தில் வீக்கத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் கம்பெனியில் தன் மேலாளரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் கோவையில் இருந்தார், காரில் போய்க்கொண்டிருந்தார்.

"செண்பகவல்லி, அந்த லொக்கேஷன்ல எத்தனை பர்சென்ட் ஆம்?"

"நூறு சார். ஆனா அவங்க..."

"நூறு. தமிழ்நாட்டுலயே நூறு வாங்குன ஒரே குடியிருப்பு. போன வாரம் அதுக்கு ஒரு கேடயம் கூட குடுக்கறதாப் பேசுனோம். நீங்க போய் அதைக் கெடுக்கப் பாக்கறீங்க."

"பொய் சொல்றாங்க சார்."

"குணமாயிருச்சுன்னு பொய் சொல்ல யாரும்மா இருக்கா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

பொய் சொல்கிற நூற்றுப் பன்னிரண்டு வீடு, அதை நம்புகிற ஒரு பெட்டி, பெட்டியை நம்புகிற ஒரு கம்பெனி. இதில் மூளை உள்ள ஒரே உயிர் தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. தனியாக வேலை செய்கிறவர்களுக்கு அப்படித் தோன்றுவது வழக்கம்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் இருந்தார். மூன்று கிலோமீட்டர். போய்க் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நோய் அவளுக்குத் தெரியும், பதிவிலேயே இருக்கிறது. மருந்தும் தெரியும்.

அடுத்த முறை போனபோது ஒன்பதாம் எண் குப்பியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தாள். ஸ்டீராய்டு அதில்தான் இருந்தது. துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். திரையில் 'இருப்பு இல்லை' என்று பதிந்தாள். காரணம் என்ற இடத்தில் 'வழங்கல் தாமதம்' என்று எழுதினாள். அதுவும் ஒரு சரியான பதில்தான். உண்மையை எழுதியிருந்தால் பெட்டி கம்பெனிக்குத் தகவல் அனுப்பியிருக்கும்.

கதவை மூடும்போது அவளுக்கு இரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்தக் குடியிருப்பில் சந்தோஷமாக இருந்தது. கத்தட்டும். தொண்டை கட்டி ஊமையாக நிற்கட்டும் நாலு நாள்.

பெட்டியில் மாற்றம் செய்தால் மூன்றாம் நாள் பராமரிப்பாளருக்கும் கேள்வி வரும்: "மாற்றத்துக்குப் பிறகு பயனர்கள் அனைவரும் நலமா? ஆம் / இல்லை." கேள்வி வந்தபோது அவள் ராசிபுரம் பேருந்து நிலையத்தில் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சால்னா படாத விரலால் 'ஆம்' தொட்டாள்.

எட்டாம் நாள் வரை முப்பத்தேழு புகார்கள் வந்தன. தொண்டை மாத்திரை எங்கே, பொதுத்தேர்வு நேரத்தில் இப்படிச் செய்தால் எப்படி, மாத்திரை இல்லாமல் கைகால் அசதியாக இருக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது. கடைசி இரண்டையும் படித்துவிட்டு, 'பழக்கம் விடுகிறதில்லையா, இருக்கும்' என்று நினைத்தாள். ஒன்பதாம் நாள் காலை, அவர்கள் படும் பாட்டை நேரில் பார்க்கவேண்டும் என்பதற்காகவே அங்கே போனாள். அதை அவளே பிற்பாடு ஒப்புக்கொண்டாள்.

வாசலில் பள்ளி வேன் எஞ்சின் ஓடியபடி நின்றது. பின் இருக்கையில் நவமணி படுத்திருந்தாள். முகம் சாம்பல் நிறம். புடவையில் வாந்தி.

"நல்லவேளை வந்தீங்க அம்மிணி" என்று தியாகேசன் ஓடிவந்தார். "மொத பீரியடுல போர்டுல எழுதீட்டு இருந்தாங்களாம், அப்படியே சரிஞ்சுட்டாங்க. மத்த டீச்சருக்கெல்லாம் இன்னைக்கு மாதிரித் தேர்வு டியூட்டி. ஒரு பொம்பளை கூட இருந்தா நல்லதுங்க. ஏறுங்க, ஏறுங்க."

மூன்று கிலோமீட்டர் தூரமும் நவமணியின் தலை செண்பகவல்லியின் மடியில் இருந்தது. கை ஜில்லென்று ஈரமாக இருந்தது. ஒரு முறை கண்ணைத் திறந்தாள்.

"அம்மா பேருலயும் வரலை கண்ணு" என்றாள். "தம்பி பேருலயும் வரலை."

"டீச்சர், உங்க அம்மா பேரு என்ன?"

"பொன்னாத்தா."

மருத்துவமனையில் டாக்டர் இசக்கியம்மாள் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், திருநெல்வேலிப் பக்கம். இரத்த அழுத்தம் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். எழுபதுக்கு நாற்பது.

"என்ன நடந்துச்சு? இவ என்ன மருந்து சாப்பிடுதா?"

தியாகேசன் முன்னால் வந்து நின்றார். ஒரு கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. அவருடைய முகம் தானாகவே தயாராகிவிட்டது.

"மருந்தெல்லாம் ஒண்ணுமில்லீங்க டாக்டர். ரெண்டு நாளா பேதி. காலைல வெறும் வயித்தோட கிளாஸுக்கு வந்துட்டாங்க. வெயில் வேற. மயக்கமுங்க, அவ்வளவுதான்."

சரளமாக, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் சொன்னார். முழு மதிப்பெண் போடக்கூடிய விடை. டாக்டர் நர்ஸைப் பார்த்து, "சலைன் ஏத்து, வேகமா" என்றார். சலைன் ஏறியது. கால்மணி நேரம் கழித்தும் எழுபத்திரண்டு.

தியாகேசன் செண்பகவல்லியின் பக்கம் குனிந்தார். "பெட்டி விசயத்த எடுத்துறாதீங்க அம்மிணி. எல்லார் வேலையும் போயிரும். உங்களுதும் சேத்தித்தான்."

அவர் மேல் வந்த அருவருப்பில் அவள் ஒரு நொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த ஒரு நொடியில்தான் அது ஞாபகம் வந்தது. கல்லூரியில் மூன்றாம் பருவம், உடலியங்கியல் தாள், இரண்டு மதிப்பெண் கேள்வி: 'ஸ்டீராய்டை ஏன் திடீரென நிறுத்தக் கூடாது?' விடைகூட வரி வரியாக ஞாபகம் இருந்தது. வெளியிலிருந்து அது வாரக்கணக்கில் வரும்போது உடல் தானாகச் சுரப்பதை நிறுத்திவிடுகிறது. திடீரென்று நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அழுத்தம் வீழும். உயிர் போகலாம். வழிகாட்டி நோட்டிலிருந்து மனப்பாடம் செய்திருந்தாள். இரண்டுக்கு இரண்டு வாங்கினாள். வாங்கியதோடு அந்த விடையின் வேலை முடிந்துவிட்டது.

பேசாமல் இருந்தால் 'வழங்கல் தாமதம்' என்ற பதிவு அப்படியே நிற்கும். யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை.

"டாக்டர்" என்றாள். யார் காதிலும் விழவில்லை. "டாக்டர்!"

வார்டே திரும்பிப் பார்த்தது.

"இவங்க ஸ்டீராய்டு சாப்பிட்டாங்க. தினமும். மூணு பேருல வாங்கி, பதிவுல பாத்தா ஏழு மாசமா. ஒம்பது நாளா கிடைக்கலை."

டாக்டர் உடனே நர்ஸிடம் ஊசியின் பெயரைச் சொன்னார். ஊசி போட்ட பிறகு, கட்டிலின் ஓரத்தைப் பிடித்தபடி கடிகாரத்தையும் அழுத்தமானியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். எண்பது. எண்பத்தாறு. நாற்பது நிமிடத்தில் நூறு. அதன் பிறகுதான் திரும்பினார்.

"யாரு நிறுத்துனது?"

"நான்தான் டாக்டர்."

"நீ டாக்டரா?"

"இல்லைங்க. மைக்ரோபயாலஜி. அந்தப் பெட்டியைப் பாத்துக்கறேன். அவங்கல்லாம் தியாகேசன் சார் எழுதுன நோட்டைப் பாத்து ஏமாத்தி வாங்கினாங்க. அதனால..."

"அதனால நீ ஒரு வைத்தியம் பண்ணிட்ட." டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "அவரு டாக்டரக் கேக்காம குடுத்தாரு. நீ டாக்டரக் கேக்காம நிறுத்துன. எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். அவராவது நாலு பேருக்கு நல்லது பண்ணுதோம்னு நெனச்சுப் பண்ணிருப்பாரு. நீ என்ன நெனச்சு பண்ணுன?"

செண்பகவல்லி தரையைப் பார்த்தாள். அவர்கள் ஊமையாக நிற்கட்டும் என்று நினைத்தவள், இப்போது தானே அப்படி நின்றாள்.

"இன்னும் எத்தன பேரு?"

"நாப்பத்து மூணு பேரு, பதிவுல. உண்மையா சாப்பிடறவங்க எத்தனை பேருன்னு தெரியாது."

"சாயங்காலத்துக்குள்ள அத்தன பேரும் இங்க வரணும். தவழ்ந்தாவது வரச் சொல்லு."

ஆறு மணி நேரம் உட்கார்ந்து கைப்பேசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். வாழ்க்கையில் மொத்தமாகப் பேசியதைவிட அன்றைக்கு அதிகம் பேசினாள். முதல் பன்னிரண்டு பேர், தங்களுக்கு அந்த மாத்திரையே தெரியாது என்றார்கள். ஒருவர், "இதைச் சொன்னா பேரு வெளிய வருமுங்களா?" என்று கேட்டார். கணிதம் எடுக்கும் ஒருவர், தேர்வு முடிந்து ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதாதா என்றார். இயற்பியல் ஆசிரியை ஒருவர், டாக்டர் என்னென்ன கேட்பார் என்று முன்னாலேயே சொல்ல முடியுமா என்று கேட்டார். கேட்பவர் யாராக இருந்தாலும் அவர்களுக்கு அவர் தேர்வு நடத்துகிறவர்தான். கடைசியில் தியாகேசன்தான் வேனை எடுத்துக்கொண்டு போய் வீடு வீடாகக் கதவைத் தட்டி, உண்மையில் மாத்திரை போட்ட பத்தொன்பது பேரை அள்ளிக்கொண்டு வந்தார். அவரும் அதில் ஒருவர்.

டாக்டர் ஒவ்வொருவருக்கும் அளவு எழுதிக் கொடுத்தார். வாரம் வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த வேண்டும். ஒன்பதாம் குப்பி பெட்டிக்குத் திரும்பியது. டாக்டர் எழுதிய அளவுக்கு மேல் ஒரு துகள்கூடத் தராதபடி பூட்டி வைத்தார்கள். கம்பெனி செண்பகவல்லியிடம் விளக்கம் கேட்டது. மாதக் கடைசி வரை வேலையில் இருக்கலாம் என்று சொன்னது.

நவமணி எழுந்து உட்கார்ந்தாள். கஞ்சி குடித்தாள். ஆனால் டாக்டர் இசக்கியம்மாள் அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. கண்ணாடியும் விளக்கும் வைத்துத் தொண்டைக்குள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏழு மாசமா தொண்ட கட்டிருக்குன்னா, மூணாவது வாரமே யாராவது உள்ள எட்டிப் பாத்திருக்கணும்" என்றார். "கத்துனதால வந்தது இல்ல இது. உள்ள ஒரு கட்டி இருக்கு. ஒவ்வொரு மாத்திரைக்கும் அதச் சுத்தின வீக்கம் கொஞ்சம் வடிஞ்சிருக்கும். குரல் வந்திருக்கும். இவ சரியாப்போச்சுன்னு நெனச்சிருப்பா."

சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்குச் சேலத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாளாகும்.

வெளி வராந்தாவில் தியாகேசன் செண்பகவல்லியைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் பழைய பளபளப்பு இல்லை, ஆனால் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஒரு விதத்துல பாத்தா அம்மிணி, நீங்க நிறுத்துனதுனாலதான் அந்தக் கட்டி வெளிய தெரிஞ்சுது. அதை டாக்டருகிட்ட எடுத்துச் சொல்லுங்க. கம்பெனிலயும் சொல்லலாம். நல்ல பாயிண்டுங்க."

"சார்" என்றாள் செண்பகவல்லி. "கொஞ்சம் சும்மா இருங்க."

உள்ளே போனாள். நவமணி ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பேசக் கூடாது என்று உத்தரவு. பக்கத்தில் ஒரு சிலேட்டும் சாக்குக்கட்டியும் வைத்திருந்தார்கள். செண்பகவல்லி ஸ்டூலில் உட்கார்ந்து, எதையெல்லாமோ சொல்ல நினைத்து, கடைசியில், "உங்க முகத்தைப் பாத்தும் எனக்குத் தெரியலை டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

நவமணி சிலேட்டை எடுத்தாள். 'நான் தாவரவியல்தானே, எனக்கும் தெரியலை' என்று எழுதினாள். அதற்குக் கீழே, 'கோபம் இருக்குது. நீ டீ போட்டுக் குடுக்கற வரைக்கும் இருக்கும்' என்று எழுதி, திருப்பி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

குப்பியைத் திரும்ப வைத்த மூன்றாம் நாள் அதே வராந்தாவில் செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். சேலத்திலிருந்து இன்னும் தகவல் இல்லை. கைப்பேசி அதிர்ந்தது.

"மாற்றத்துக்குப் பிறகு பயனர்கள் அனைவரும் நலமா? ஆம் / இல்லை."

பத்தொன்பது பேரும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். நவமணிக்கு அழுத்தம் சரியாக இருந்தது. ஆம் என்று தொட்டால் தப்பில்லை. அது சரியான பதில்.

அவள் விரலைப் பக்கத்தில் நகர்த்தி 'இல்லை'யைத் தொட்டாள்.

திரை கொஞ்ச நேரம் வெள்ளையாக நின்றது. கோளாறாகிவிட்டதோ என்று பார்த்தாள். பிறகு அந்தக் குடியிருப்பில் அதுவரை யாரும் பார்த்திராத பக்கம் திறந்தது. மிரட்டல் எதுவும் இல்லை. மேலே டாக்டர் இசக்கியம்மாளின் பெயர், புறநோயாளி அறை எண், அவர் இருக்கும் நேரம். அதற்குக் கீழே பெரிய வெற்றுக் கட்டம். கட்டத்துக்கு மேலே ஒரே ஒரு வரி:

"சொல்லுங்கள். எங்கிருந்து ஆரம்பித்தது?"

எத்தனை மதிப்பெண் என்று போட்டிருக்கவில்லை. அவள் எழுத ஆரம்பித்தாள்.